ஓர் ஆசிரியருக்கு 170 மாணவர்கள்: நியூயார்க் உயர்நிலைப் பள்ளிகளை மாற்றியமைத்த முயற்சி பற்றி

அமெரிக்காவில் மூவாயிரம் பேர் படித்த பெரிய உயர்நிலைப் பள்ளிகளைக் கலைத்து, நானூறு ஐந்நூறு பேர் படிக்கும் சிறு பள்ளிகளாக்கிய முயற்சி பல ஊர்களில் பலனின்றிப் போயிருக்க, நியூயார்க் நகரில் மட்டும் அது எப்படிக் கைகூடியது என்றும், ஆசிரியர்களையும் தலைமையாசிரியர்களையும் தயார் செய்யும் முறைக்கு அதில் பங்கு உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பங்கு உண்டு, என் கணிப்பில் பெரும்பங்கு அதற்குத்தான். பள்ளியின் அளவைக் குறைத்தால் ஆசிரியர்களுக்கு நேரம் கிடைக்கிறது. அந்த நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று தெரிந்த ஆசிரியர்களும், அதை வேறு வேலைகள் விழுங்கிவிடாமல் காத்துக் கொடுக்கத் தெரிந்த தலைமையாசிரியரும் இருந்த இடங்களில்தான் மாணவர்களுக்கு நன்மை விளைந்தது. அந்த நகரில் கணித ஆசிரியராகவும், பின்னர் பயிற்சி ஆசிரியர்களின் வகுப்புகளைப் பார்வையிடுபவராகவும் பணியாற்றியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முதலில், மாற்ற வேண்டியதாக இருந்தது எது என்பதைப் பார்க்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான அமெரிக்க உயர்நிலைப் பள்ளியின் அன்றாடத்தை இன்றளவும் தீர்மானிப்பது 1906ஆம் ஆண்டு வாக்கில் உருவான ஓர் அளவுகோல். எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி கல்லூரிப் பேராசிரியர்களின் ஓய்வூதியத்துக்காக ஒரு கோடி டாலர் கொடுத்து ஓர் அறக்கட்டளையை நிறுவினார். அந்த ஓய்வூதியத் திட்டத்தில் சேர விரும்பும் கல்லூரிகள், தங்களிடம் சேரும் மாணவர்கள் உயர்நிலைப் பள்ளியில் இத்தனை ‘அலகு’ படித்திருக்க வேண்டும் என்று கேட்க வேண்டும் என அது நிபந்தனை விதித்தது. ஓர் அலகு என்பது ஓராண்டில் ஒரு பாடத்தில் ஏறத்தாழ 120 மணி நேரம் வகுப்பில் அமர்ந்திருப்பது. பேராசிரியர்களின் முதுமைக்காக வகுக்கப்பட்ட அந்தக் கணக்கு, பள்ளி நாளை நாற்பது, நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளைகளாக வெட்டிப் போட்டு, மணியடித்தால் எழுந்து அடுத்த அறைக்கு ஓடும் பழக்கத்தை நாடு முழுவதும் நிலைநிறுத்திவிட்டது. அதன் பின்னர் 1959இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைவர் ஜேம்ஸ் கோனன்ட் அளித்த அறிக்கை, இறுதி வகுப்பில் நூறு பேர்கூட இல்லாத பள்ளிகளால் பலவகைப் பாடங்களைத் தர இயலாது என்று வாதிட்டு, சிறு பள்ளிகளை இணைத்துப் பெரிதாக்கும் போக்குக்கு வலுச் சேர்த்தது. அவர் சொன்ன காரணம் பொருளற்றது அல்ல. ஆனால், பெரிய பள்ளி என்ற அமைப்பு பெருநகரங்களின் ஏழைப் பகுதிகளில் என்னவாக மாறும் என்பதை அந்த அறிக்கையில் அவர் அவ்வளவாக எண்ணிப் பார்க்கவில்லை.

என்னவாக மாறியது என்பதை ஒரு சிறு கணக்கில் காட்டிவிடலாம். நியூயார்க் நகரம் ஆசிரியர் சங்கத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி உயர்நிலைப் பள்ளி வகுப்பில் 34 மாணவர்கள் வரை இருக்கலாம் என்றிருந்தது. ஆசிரியர் ஒருவர் நாளொன்றுக்கு ஐந்து வகுப்புகள் எடுக்கிறார். ஆக 170 மாணவர்கள். அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு கட்டுரை எழுதிக் கொடுக்கிறார்கள், அதைப் படித்து, உருப்படியாக நான்கு வரி எழுதித் திருப்பித் தரக் கட்டுரைக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால், 28 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதுவும் ஒரே ஒரு கட்டுரைக்கு. ஆகவே எந்த மனசாட்சியுள்ள ஆசிரியரும் காலப்போக்கில் கட்டுரைகளைக் குறைத்து, சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களைக் கூட்டிக்கொள்கிறார். அவரைச் சோம்பேறி என்று சொல்வது அநியாயம். இந்த நெருக்கடியைத் தன் சிந்தனையின் மையத்தில் வைத்தவர் டெட் சைசர். ஹார்வர்டு கல்வியியல் பள்ளியின் முதல்வராகவும், பின்னர் ஒரு பள்ளியின் தலைமையாசிரியராகவும் இருந்தவர் அவர். 1984இல் பிரவுன் பல்கலைக்கழகத்திலிருந்து அவர் தொடங்கிய பள்ளிக் கூட்டமைப்பு, ஓர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியரின் பொறுப்பில் 80 மாணவர்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்பதை ஓர் இலக்காகவே அறிவித்தது. கூடுதல் பணமின்றி இதைச் செய்ய வேண்டுமானால் வேறு சிலவற்றை விட்டாக வேண்டும்: பாடங்களின் எண்ணிக்கை குறையும், ஒரே ஆசிரியர் ஆங்கிலத்தையும் வரலாற்றையும் சேர்த்து நடத்துவார், வகுப்புக்கு வெளியே மட்டும் வேலை செய்யும் பணியிடங்கள் குறையும். இந்த விட்டுக்கொடுத்தலை வெளிப்படையாகச் சொன்னதற்காகவே சைசரை நான் மதிக்கிறேன்.

அதை நியூயார்க்கில் முழு உருவில் செய்து காட்டியவர் டெபோரா மேயர். ஈஸ்ட் ஹார்லெம் பகுதியில் 1974இல் ஒரு தொடக்கப் பள்ளியைத் தொடங்கிய அவர், 1985இல் சென்ட்ரல் பார்க் ஈஸ்ட் உயர்நிலைப் பள்ளியைத் திறந்தார். பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களின் பிள்ளைகள் படித்த அரசுப் பள்ளி அது. பாடவேளைகள் இரண்டு மணி நேரம் வரை நீண்டன. மொழியும் வரலாறும் ஒன்றாகவும், கணிதமும் அறிவியலும் ஒன்றாகவும் நடந்தன. எந்தப் பாடமாயினும் ஐந்து கேள்விகளை மாணவர்கள் கேட்டுப் பழக வேண்டும்: இதற்குச் சான்று என்ன, இது யாருடைய பார்வை, இதற்கும் மற்றதற்கும் என்ன தொடர்பு, வேறு விதமாக நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், இதனால் யாருக்கு என்ன. பள்ளியை முடிக்க விரும்பும் மாணவர் பதினான்கு துறைகளில் தம் படைப்புகளைத் தொகுத்து, அவற்றுள் முக்கியமானவற்றை ஒரு குழுவின் முன் பேசி நிலைநாட்ட வேண்டும். இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. மாணவர்கள் வாரத்தில் ஒரு காலைப்பொழுது சமூகப் பணிக்காக வெளியே சென்றார்கள். அந்த நேரத்தில் ஆசிரியர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து பாடம் திட்டமிட்டார்கள். ஆசிரியர் கூடிப் பேச வேண்டிய நேரத்தை, வேலை முடிந்த பின் களைப்போடு நடக்கும் கூட்டமாக விடாமல், கால அட்டவணைக்குள்ளேயே வைத்த பள்ளி அது.

ஒரு நல்ல பள்ளியை ஒரு திறமைசாலி நடத்திக் காட்டுவது ஒன்று, ஒரு மாநகரமே அதைச் செய்வது முற்றிலும் வேறு. 2002இல் நகர மேயர் மைக்கேல் புளூம்பர்க்கின் கட்டுப்பாட்டுக்குப் பள்ளி நிர்வாகம் வந்தது. ஜோயல் கிளைன் அதன் தலைவரானார். அடுத்த ஆறாண்டுகளில் தேர்ச்சி மிகக் குறைந்திருந்த பெரிய பள்ளிகள் முப்பது வரை மூடப்பட்டு, இருநூற்றுக்கும் மேற்பட்ட புதிய சிறு பள்ளிகள் திறக்கப்பட்டன. அவற்றுள் 123 பள்ளிகள் மதிப்பெண் பார்த்து மாணவரைத் தேர்ந்தெடுக்காதவை. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வகுப்புக்குச் சுமார் நூறு பேர் வீதம் மொத்தம் நானூறு பேர் படிப்பவை. எட்டாம் வகுப்பு மாணவர்கள் தமக்கு விருப்பமான பள்ளிகளை வரிசைப்படுத்திக் கொடுக்க, இடத்தைவிட விண்ணப்பம் மிகுந்த பள்ளிகளில் குலுக்கல் முறையில் இடம் கிடைத்தது. இந்தக் குலுக்கல் ஆய்வாளர்களுக்குப் பெரும் வாய்ப்பாக அமைந்தது. ஆர்வமுள்ள பெற்றோரின் பிள்ளைகள்தான் இங்கே வந்தார்கள், அதனால்தான் தேர்ச்சி கூடியது என்ற ஐயத்துக்கு அது இடம் வைக்கவில்லை. ஒரே ஆர்வத்தோடு விண்ணப்பித்து, குலுக்கலில் இடம் பெற்றவர்களையும் பெறாதவர்களையும் எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனம் பல ஆண்டுகள் தொடர்ந்து ஒப்பிட்டது. இடம் பெற்றவர்கள் நான்கு ஆண்டுகளில் பள்ளியை முடித்த விகிதம் ஏறத்தாழ 9 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடுதலாக இருந்தது. கல்லூரியில் சேர்ந்த விகிதமும் கூடியது. ஐந்தாம் ஆண்டும் பள்ளியில் தங்க நேர்ந்தவர்கள் குறைந்ததால், பள்ளியை முடித்த ஒரு மாணவருக்கு ஆன செலவும் குறைவாகவே இருந்தது.

இதில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். தொடக்க ஆண்டுகளில் இப்பள்ளிகள் மாற்றுத்திறன் மாணவர்களையும் ஆங்கிலம் கற்கும் நிலையிலுள்ள மாணவர்களையும் குறைவாகவே சேர்த்துக்கொள்ள அனுமதி பெற்றிருந்தன. மூடப்பட்ட பள்ளிகளின் பகுதியில் வாழ்ந்த பிள்ளைகள் அண்டையிலிருந்த மற்றப் பெரிய பள்ளிகளில் போய் நெருக்கினார்கள். தலைமுறை தலைமுறையாக ஒரே பள்ளியில் படித்த குடும்பங்களுக்கு அந்தப் பெயர் மறைந்தது ஆறாத வருத்தம். இந்த மூன்று குற்றச்சாட்டுகளும் நியாயமானவை.

இப்போது தோல்வியின் பக்கத்துக்கு வருவோம். கேட்ஸ் அறக்கட்டளை 2000 முதல் சுமார் 200 கோடி டாலர் செலவிட்டு நாடெங்கும் சிறு உயர்நிலைப் பள்ளிகளை ஊக்குவித்தது. 2009இல் வெளியிட்ட ஆண்டுக் கடிதத்தில், தாங்கள் பணம் போட்ட பள்ளிகளுள் பல மாணவர்களின் கற்றலைக் குறிப்பிடத்தக்க அளவுக்கு உயர்த்தவில்லை என்று பில் கேட்ஸே ஒப்புக்கொண்டார். டென்வர் நகரின் மேனுவல் உயர்நிலைப் பள்ளி இதற்கு அடிக்கடி காட்டப்படும் சான்று. 2001இல் அந்த ஒரே பள்ளியை ஒரே கட்டடத்துக்குள் மூன்று பள்ளிகளாகப் பிரித்தார்கள். அதே மாணவர்கள், பெரும்பாலும் அதே ஆசிரியர்கள். பெயர்ப்பலகைகள் மட்டும் மூன்று. மாணவர்கள் விரும்பிய பாடங்கள் சில ஒரு பள்ளியில் இருந்தன, மற்றொன்றில் இல்லாமல் போயின. சேர்க்கை ஆண்டுதோறும் சரிந்து, 2006இல் பள்ளியை மூடி, ஓராண்டு கழித்துப் புதிதாகத் திறக்க வேண்டியதாயிற்று.

நியூயார்க்கில் செய்தது இதற்கு நேர்மாறான வரிசை. அங்கே புதிய பள்ளி வேண்டும் என்பவர்கள் முதலில் ஒரு குழுவாகச் சேர வேண்டும்: தலைமையாசிரியராகப் போகிறவர், சில ஆசிரியர்கள், வெளியிலிருந்து ஓர் அமைப்பு. தாம் என்ன கற்பிக்கப் போகிறோம், பள்ளி நாளை எப்படிப் பங்கிடப் போகிறோம் என்பதை எழுதிக் கொடுத்து, மற்றக் குழுக்களோடு போட்டியிட்டுத்தான் அனுமதி பெற வேண்டும். முதலாண்டு ஒன்பதாம் வகுப்பு மட்டும். ஆண்டுக்கு ஒரு வகுப்பாகப் பள்ளி வளரும். அதாவது, பெரியவர்கள் ஒன்றாக வேலை செய்யக் கற்றுக்கொண்ட பிறகே பிள்ளைகள் முழு எண்ணிக்கையில் வந்தார்கள். எம்.டி.ஆர்.சி. பின்னர் இப்பள்ளிகளின் தலைமையாசிரியர்களையும் ஆசிரியர்களையும் கேட்டபோது, மாணவரைத் தனித்தனியே அறிந்திருந்ததையும், பாடத்தில் கண்டிப்பாக இருந்ததையும், தாங்கள் தேடிச் சேர்த்த ஆசிரியர்களையுமே காரணங்களாகச் சொன்னார்கள்.

அப்படிப்பட்ட ஆசிரியர்கள் எங்கிருந்து வருவார்கள்? உங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதி இங்கேதான் முதல் பகுதியோடு சேர்கிறது. அமெரிக்காவில் புதிதாகப் பணியில் சேரும் ஆசிரியர்களுள் ஐந்தாண்டுகளுக்குள் வேலையை விட்டுவிடுபவர்கள் பத்தில் நான்கு பேருக்கும் மேல் என்று பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் இங்கர்சால் காட்டியிருக்கிறார். ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில்தான் இந்த வெளியேற்றம் மிகுதி. ஐந்து வாரக் கோடைப் பயிற்சியோடு பட்டதாரிகளை நேரே வகுப்புக்கு அனுப்பும் திட்டங்கள் 1990 முதல் நடக்கின்றன. அவற்றில் சேர்ந்த இளைஞர்களின் அக்கறையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், அந்தப் பயிற்சியில் அவர்கள் வகுப்பை ஓர் ஆண்டு முழுவதும், தொடக்கம் முதல் முடிவு வரை, ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். செப்டம்பர் மாதத்தில் அடங்காத ஒரு மாணவன் மார்ச் மாதத்தில் எப்படி மாறியிருப்பான் என்பது அவர்களுக்குத் தெரிய வழியில்லை; ஆகவே நவம்பரிலேயே மனம் உடைந்துபோகிறார்கள்.

இதற்கு மாற்றாக வந்ததுதான், மருத்துவ மாணவர்கள் மருத்துவமனையில் தங்கிப் பழகுவதைப் போல, பயிற்சி ஆசிரியர் ஓராண்டு முழுவதும் ஒரே பள்ளியில் தங்கிப் பழகும் முறை. பாஸ்டனில் 2003இல் தொடங்கிய திட்டத்தில், பயிற்சி ஆசிரியர் வாரத்தில் நான்கு நாள் அனுபவமிக்க ஒருவரின் வகுப்பில் இருக்கிறார், ஐந்தாம் நாள் பாடம் படிக்கிறார், உதவித்தொகை பெறுகிறார், முடித்த பின் மூன்று ஆண்டுகள் அந்த நகரப் பள்ளிகளில் பணிபுரிவதாக ஒப்புக்கொள்கிறார். இத்திட்டம் குறித்து 2012இல் வந்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது, ஏனெனில் அது மழுப்பவில்லை. இவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகப் பணியில் நிலைத்தார்கள். ஆனால் கணிதத்தில், முதல் சில ஆண்டுகளில், மற்றப் புதிய ஆசிரியர்களைவிடச் சற்றுப் பின்தங்கியே இருந்தார்கள். அதன் பின் விரைந்து முன்னேறி, நான்காம் ஐந்தாம் ஆண்டுகளில் பல ஆண்டு அனுபவமுள்ளவர்களையும் முந்தினார்கள். ஆக, இந்தப் பயிற்சி முழுமையான ஆசிரியரை முதல் நாளே தந்துவிடவில்லை. தொடர்ந்து கற்றுக்கொள்ளத் தெரிந்த ஆசிரியரைத் தந்தது. அவர் கற்றுக்கொள்ளத் தொடர்ந்து இடம் தரும் பள்ளி இல்லாவிட்டால் அந்தப் பயிற்சியும் வீண்தான்.

அப்படி இடம் தரும் பள்ளி என்றால் என்ன என்பதற்கு நான் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். நியூயார்க்கில் 1998இல் உருவான ஒரு கூட்டமைப்பின் பள்ளிகளுக்கு, மாநிலம் நடத்தும் ரீஜென்ட்ஸ் பொதுத்தேர்வுகளில் ஆங்கிலம் தவிர மற்றவற்றிலிருந்து விலக்கு உண்டு. தேர்வுக்குப் பதிலாக மாணவர்கள் ஓர் இலக்கியக் கட்டுரை, ஒரு சமூக அறிவியல் ஆய்வுக் கட்டுரை, ஓர் அறிவியல் சோதனை, ஒரு கணிதப் பயன்பாடு ஆகியவற்றைச் செய்து, வெளியாரும் அமரும் குழுவின் முன் விளக்க வேண்டும். அத்தகைய ஒரு பள்ளியில் கணிதக் குழுவில் வெளியாளாக அமர்ந்திருந்தேன். நியூயார்க்கின் பழைய அடுக்குமாடிகளின் உச்சியில் மரத்தாலான உருளை வடிவத் தண்ணீர்த் தொட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அப்படியொரு தொட்டி அடிக்குழாய் வழியே வடிந்து தீர எவ்வளவு நேரம் ஆகும் என்பதைக் கணக்கிட்டு வந்திருந்தாள் ஒரு மாணவி. தண்ணீரின் உயரம் குறையக் குறைய வேகமும் குறையும், ஆனால் உயரம் குறையும் அதே விகிதத்தில் அல்ல, அதன் வர்க்கமூலத்தின் விகிதத்தில் என்று அழகாக விளக்கினாள். “அப்படியானால் மேல் பாதி வடிய ஆகும் நேரமும் கீழ்ப் பாதி வடிய ஆகும் நேரமும் சமமா?” என்று கேட்டேன். அவள் எழுதி வந்த தாளில் அதற்கு விடை இல்லை. பலகைப் பக்கம் திரும்பி நின்றுவிட்டாள். ஒரு நிமிடத்துக்கும் மேல் ஆயிற்று. அவளுடைய ஆசிரியர் வாய் திறக்கவில்லை. பிறகு மெல்ல எழுதத் தொடங்கி, மேல் பாதிக்கு மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது, மீதி நேரமெல்லாம் கீழ்ப் பாதிக்குத்தான் என்று முடித்து, தனக்கே வியப்பாக எங்களைப் பார்த்தாள்.

அவள் வெளியே சென்ற பிறகு நடந்ததுதான் உங்கள் கேள்விக்கு விடை. குழுவில் மதிப்பெண் தாளோடு ஒரு பயிற்சி ஆசிரியரும் இருந்தார். வாய்மொழி விளக்கத்துக்கு அவர் குறைவாகப் போட்டிருந்தார். கேள்வி கேட்டதும் மாணவி தடுமாறிவிட்டாள் என்பது அவர் சொன்ன காரணம். “தடுமாறினாளா, யோசித்தாளா?” என்று மூத்த ஆசிரியர் கேட்டார். பதினைந்து நிமிடம் பேச்சு அதைப் பற்றியே நடந்தது: மௌனத்தை எப்படிப் படிப்பது, எப்போது உதவுவது, எப்போது வாயைக் கட்டிக்கொண்டிருப்பது. தலைமையாசிரியர் அறையின் மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு முறை வாசலில் வந்து அழைத்த அலுவலக உதவியாளரைக் கையசைத்து அனுப்பிவிட்டார். எந்தக் கல்வியியல் கல்லூரி விரிவுரையும் அந்த இளம் ஆசிரியருக்கு அன்று கிடைத்ததைத் தந்திருக்காது. நாளில் அந்தப் பதினைந்து நிமிடம் இருந்தது, பேசத் தெரிந்த மூத்தவர் இருந்தார், அதைக் கலையவிடாத தலைமையாசிரியர் இருந்தார். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த உரையாடல் நடந்திருக்காது.

தலைமையாசிரியர்களைத் தயார் செய்வதில்தான் அமெரிக்கா நெடுங்காலம் மெத்தனமாக இருந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரித் தலைவராக இருந்த ஆர்தர் லெவின் 2005இல் வெளியிட்ட அறிக்கை, பள்ளி நிர்வாகப் பட்டப் படிப்புகளுள் பெரும்பாலானவை தலைமைப் பணிக்கு உதவாதவை என்றும், ஆசிரியர் பலர் சம்பள உயர்வுக்காகவே அவற்றில் சேர்கிறார்கள் என்றும் கடுமையாகச் சொன்னது. நியூயார்க் நகரம் 2003இல் தனக்கென ஒரு தலைமைப் பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கியதற்கு நூற்றுக்கணக்கான புதிய பள்ளிகளுக்குத் தலைமை தேவைப்பட்டதே காரணம். கோடைக்காலத்தில் ஆறு வாரம், உண்மைப் பள்ளியில் எழும் சிக்கல்களைக் குழுவாகத் தீர்க்கும் பயிற்சி. அதன் பின் பத்து மாதம் ஒரு மூத்த தலைமையாசிரியரின் பக்கத்திலேயே இருந்து பணி. பிறகு தம் பள்ளியைத் திட்டமிட ஒரு கோடை. தொடக்க ஆண்டுகளில் இளையவர்களை அவசரமாகத் தலைமைக்கு உயர்த்திவிட்டார்கள் என்ற விமர்சனமும் இருந்தது. அதில் உண்மை உண்டு என்றே நினைக்கிறேன். இருப்பினும் பாதை சரியானது. வாலஸ் அறக்கட்டளை 2011 முதல் நியூயார்க் உள்ளிட்ட ஆறு பெரிய பள்ளி மாவட்டங்களில் தலைமையாசிரியரைத் தேர்ந்தெடுப்பது, பயிற்றுவிப்பது, முதல் ஆண்டுகளில் வழிகாட்டி வைத்துத் துணைநிற்பது ஆகிய அனைத்தையும் ஒரே தொடராக்கியது. ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 2019இல் அளித்த மதிப்பீட்டின்படி, புதிய தலைமையாசிரியர் பெற்ற பள்ளிகளில் வாசிப்பில் 6 சதமானப் புள்ளிகளுக்கு (சதமானம் என்பது நூறு பேர் வரிசையில் பிடிக்கும் இடம்) மேலும், கணிதத்தில் ஏறத்தாழ 3 புள்ளிகளும், ஒப்பிடத்தக்க மற்றப் பள்ளிகளைவிடக் கூடுதல் முன்னேற்றம் இருந்தது. செலவு மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 42 டாலர். பள்ளிக்கல்வியில் இவ்வளவு சிறிய செலவில் இவ்வளவு பலன் தந்த வேறு திட்டத்தை நான் கண்டதில்லை.

இறுதியாக, சிறு பள்ளி அலை ஓய்ந்துவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். சைசரின் கூட்டமைப்பு கலைந்துவிட்டது. கேட்ஸ் அறக்கட்டளை பல ஆண்டுகளுக்கு முன்பே வேறு திசையில் சென்றுவிட்டது. ஆனால் நியூயார்க் மாநிலம் 2024இல் ஒரு திட்டத்தை முன்வைத்தது: 2027ஆம் ஆண்டு முதல், ரீஜென்ட்ஸ் தேர்வில் தேறினால்தான் பள்ளிச் சான்றிதழ் என்ற நிபந்தனை நீங்கி, மாணவர்கள் தம் திறனை வேறு வழிகளிலும் காட்டலாம். இதுவரை சில டஜன் பள்ளிகள் செய்துவந்ததை மாநிலம் முழுவதிலுமுள்ள உயர்நிலைப் பள்ளிகள் செய்ய வேண்டிவரும். ரீஜென்ட்ஸ் விலக்குப் பெற்ற கூட்டமைப்பின் பள்ளிகளில் ஆசிரியர்கள் ஆண்டுதோறும் ஒன்றுகூடி, ஒரே மாணவர் கட்டுரையைத் தனித்தனியே மதிப்பிட்டு, எங்கே எதனால் வேறுபட்டோம் என்று பேசிப் பேசித்தான் தம் அளவுகோலைக் கூர்மையாக்கிக்கொண்டார்கள். 170 மாணவர்களுக்குப் பொறுப்பான ஆசிரியரிடம் அதற்கு நேரம் கேட்க முடியாது. மாநிலம் அடுத்து எந்தப் பாடத்திட்டத்தை வெளியிடுகிறது என்பதைவிட, அந்த எண்ணைக் குறைக்கவும், மதிப்பிடக் கற்றுக்கொள்ளும் நேரத்தைப் பள்ளி நாளுக்குள் வைக்கவும் எவ்வளவு பணம் ஒதுக்குகிறது என்பதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.